பணமா, வேலையா, அணையா: பெருமந்தத்தில் எது முதலில்?

1933 மார்ச் 4 அன்று ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, பெரும்பாலான மாநிலங்களில் வங்கிகள் மூடிக் கிடந்தன. திறந்திருந்த இடங்களிலும் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். வேலைக்கு வரத் தயாராக இருந்த நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. எண்ணிக்கையில் சொன்னால் ஏறக்குறைய 1.3 கோடிப் பேர். 1929-ல் 10,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கியிருந்தது. 1930-க்கும் 1933-க்கும் இடையில் சுமார் 9,000 வங்கிகள் முறிந்தன. டெபாசிட்டுக்குக் காப்பீடு என்று ஒன்று அப்போது கிடையாது. வங்கி போனால் அதிலிருந்த பணமும் போனதுதான்.

பெருமந்தம் என்று பெயர் பெற்ற அந்தப் பொருளாதாரச் சரிவில் ஒரு அரசு எதை முதலில் செய்ய வேண்டும்? கஜானா ஒன்று, அதைக் கேட்டு நிற்கும் வழிகள் பல. பசித்தவர் கையில் நேரடியாகக் காசு கொடுக்கலாம். வேலை கொடுத்துக் கூலி தரலாம். அணையும் பாலமும் கட்டலாம். விளைபொருளின் விலையை ஏற்றிவிடலாம். கடனைக் குறைக்கலாம். ஓய்வூதியம், காப்பீடு என்று சட்டம் போடலாம். இவை எல்லாவற்றையும் சில ஆண்டுகளுக்குள் ஒரே நாடு செய்து பார்த்தது நியூ டீல் என்று பெயர் பெற்ற அந்தத் திட்டங்களில்தான். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல களம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கேள்விகளை வைத்து ஒவ்வொன்றையும் அளக்கிறேன். முடிவெடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் முதல் காசு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது? வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் யார்? கடைசியில் நாட்டுக்கு என்ன மிஞ்சியது என்ற கேள்வியும் உண்டு. அதை மூன்றாவதாகத்தான் கேட்பேன்.

கையில் காசு

ரூஸ்வெல்ட்டுக்கு முன்னால் இருந்த ஹூவர் ஒன்றுமே செய்யவில்லை என்பது சரியல்ல. 1932 ஜூலையில் நிவாரணத்துக்காக மாநிலங்களுக்கு 30 கோடி டாலர் ஒதுக்கினார். ஆனால் அது கடன். ஏற்கெனவே கஜானா காலியாகிப்போன மாநிலத்தைப் பார்த்து, இன்னும் கடன் வாங்கி உன் மக்களுக்குச் சோறு போடு என்பதுபோல் அது ஆயிற்று.

1933 மே மாதம் வந்த கூட்டாட்சி அவசர நிவாரணச் சட்டம் 50 கோடி டாலரை மானியமாகவே கொடுத்தது. அதில் பாதிக்கு ஒரு நிபந்தனை: மாநிலம் 3 டாலர் செலவழித்தால் மத்திய அரசு 1 டாலர் தரும். மறுபாதி, தேவை அதிகமுள்ள இடங்களுக்கு. இதை நடத்த வந்தவர் ஹாரி ஹாப்கின்ஸ். அயோவாவில் பிறந்து நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் சமூகப் பணி செய்தவர். பொறுப்பேற்ற அன்று அவருக்குத் தனி அறைகூடத் தயாராகவில்லை. நடைபாதையில் போட்ட மேசையில் உட்கார்ந்து, முதல் இரண்டு மணி நேரத்தில் மாநிலங்களுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் அனுப்பிவைத்தார். நீண்ட காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர்களுக்கு அவர் தந்ததாகச் சொல்லப்படும் பதில், மனிதர்கள் நீண்ட காலத்தில் சாப்பிடுவதில்லை, தினமும் சாப்பிடுகிறார்கள் என்பது.

வேகத்தில் இதற்கு இணையில்லை. ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவும் இதில்தான் குறைவு. குறை வேறொரு இடத்தில் இருந்தது. உதவி கேட்டுப் போனால் ஒரு விசாரணையாளர் வீட்டுக்கு வருவார். சேமிப்பு என்ன, எந்தச் சொந்தக்காரர் உதவுகிறார், வீட்டில் விற்கக்கூடியது என்ன இருக்கிறது என்று கேட்பார். பல ஊர்களில் காசாகவும் தரவில்லை. குறிப்பிட்ட மளிகைக் கடைக்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார்கள். அந்தச் சீட்டை நீட்டும்போது பின்னால் நிற்பவருக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிடும். ஹாப்கின்ஸ் காசாகவே கொடுங்கள் என்று வற்புறுத்தியதற்கு இதுதான் காரணம். சில மாநிலங்களில், பிச்சைக்கார நிவாரணம் பெற்றவர் என்ற பழைய சட்டத்தின்படி ஓட்டுரிமைகூடப் பறிபோகும் நிலை இருந்தது. பிரிட்டனிலும் இதே கதைதான். 1931-ல் அங்கே வந்த விதிப்படி வீட்டில் யார் சம்பாதித்தாலும் அது கணக்கில் சேரும். அப்பாவின் உதவித்தொகை குறையக் கூடாது என்பதற்காகவே மகன் வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் உண்டு.

காசுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு வழியை அமெரிக்கா மிகவும் தாமதமாகக் கண்டுபிடித்தது. 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் தொடங்கிய உணவு முத்திரைத் திட்டம் அது. நிவாரணம் பெறுபவர் ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிற முத்திரை வாங்கினால், 50 சென்ட் மதிப்புள்ள நீல முத்திரை இலவசம். ஆரஞ்சு முத்திரைக்கு எந்த மளிகையும் வாங்கலாம். நீல முத்திரைக்கு விற்காமல் தேங்கிக் கிடந்த வெண்ணெய், முட்டை, மாவு, பீன்ஸ் போன்றவை மட்டும். விவசாயியின் களஞ்சியத்தில் வீணாகிக்கொண்டிருந்ததும் பட்டணத்துப் பட்டினி அடுப்பும் ஒரு கடைக்காரர் வழியாகச் சந்தித்தன. அரசு தனியாகக் கிடங்கு வைக்கவில்லை, வரிசை போடவில்லை. பெருமந்தம் தொடங்கிப் பத்து ஆண்டு கழித்து இது வந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை. 1933-லேயே வந்திருக்க வேண்டிய ஏற்பாடு.

ரூஸ்வெல்ட்டுக்கோ நேரடி உதவி மீது நம்பிக்கையே இல்லை. 1935 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பேசும்போது அதை மனித மனத்தை அழிக்கும் போதைமருந்து என்றார். மத்திய அரசு இந்த நிவாரணத் தொழிலை விட்டு விலக வேண்டும் என்றார், விலகவும் செய்தார். உடம்பில் தெம்புள்ளவர்களுக்கு வேலை கிடைத்தது. மண்வெட்டி பிடிக்க முடியாத நோயாளியையும் கைக்குழந்தை வைத்திருந்த விதவையையும் மாநிலங்களின் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். ஓய்வூதியமும் தாய்மார் உதவியும் ஊன்றி நிற்கும்வரை, ஏழை மாநிலங்களில் அவர்களுக்குக் கிடைத்தது யானைப் பசிக்குச் சோளப்பொரி. நியூ டீலில் ரூஸ்வெல்ட் எடுத்த முடிவுகளில் எனக்கு மன்னிக்கவே மனம் வராத முடிவு இது.

அந்த ஒரு குளிர்காலம்

1933 நவம்பர். பெரிய கட்டுமானங்களுக்கு ஒதுக்கிய பணம் இன்னும் கோப்புகளில் கிடந்தது. பனி விழத் தொடங்கிவிட்டது. ஹாப்கின்ஸ் அதிபரிடம் போய், இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட நாற்பது லட்சம் பேருக்கு நேரடியாக வேலை கொடுக்கலாம் என்றார். ரூஸ்வெல்ட் கட்டுமானத் துறையிடமிருந்து 40 கோடி டாலரை எடுத்துக் கொடுத்தார். நவம்பர் 9-ம் தேதி உத்தரவு கையெழுத்தாயிற்று. ஆங்கிலச் சுருக்கத்தில் சி.டபிள்யூ.ஏ. என்று அழைக்கப்பட்ட குடிமைப் பணிகள் நிர்வாகம் இப்படித்தான் பிறந்தது.

ஜனவரி நடுவில் அதன் சம்பளப் பட்டியலில் 42 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். முதல் உலகப் போருக்கு அமெரிக்கா திரட்டிய படைக்குக் கிட்டத்தட்ட நிகரான கூட்டம், இரண்டே மாதத்தில்.

எப்படி முடிந்தது? பெரிய வரைபடமும் டெண்டரும் தேவைப்படாத வேலைகளாக எடுத்தார்கள். குழி விழுந்த சாலை, ஒழுகும் பள்ளிக்கூரை, தூர்ந்த வடிகால், சிற்றூர்களுக்கு விமானத் திடல், கிராமப்புறங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட கழிவறைகள். ஊர் நிர்வாகம் காசில்லாமல் மூடிவைத்த பள்ளிகளுக்காக சுமார் 50,000 ஆசிரியர்கள். செலவில் பெரும்பகுதி கூலியாகவே போனது, சிமெண்டுக்கும் இரும்புக்கும் போனது கொஞ்சம்தான். நாற்பது லட்சம் பேருக்கு வாராவாரம் காசோலை போடப் புதிய அலுவலகம் தேடவில்லை. முன்னாள் போர் வீரர்களுக்கு நாடு முழுவதும் பணம் அனுப்பிக்கொண்டிருந்த துறையின் ஏற்பாட்டை அப்படியே பயன்படுத்திக்கொண்டார்கள். நவம்பர் முடிவதற்குள் முதல் காசோலைகள் கைக்கு வந்துவிட்டன. கிறிஸ்துமஸுக்குக் குழந்தைக்குச் செருப்பு வாங்கப் போன அப்பாக்கள், தாங்கள் உழைத்த காசில் வாங்கினார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த 42 லட்சத்தில் பாதிப் பேர் நிவாரணப் பட்டியலிலிருந்து வந்தவர்கள். மறுபாதிப் பேரிடம் கேட்ட கேள்வி, வேலை இல்லையா என்பதுதான். வீட்டுக்கு யாரும் வரவில்லை, சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. மானத்துக்கு அஞ்சி நிவாரண அலுவலகத்தின் பக்கமே போகாமல் உள்ளுக்குள் பட்டினி கிடந்த ஒரு பெரும் கூட்டம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. கூலியும் பட்டினிக் கூலி அல்ல. வாரம் சராசரியாக 15 டாலர் கிடைத்தது, நிவாரணமாகக் கிடைத்ததைவிட மிகவும் அதிகம்.

எதிர்ப்பு வரத்தான் செய்தது. தெற்கத்திப் பண்ணையார்கள், இந்தக் கூலி கொடுத்தால் எங்கள் வயலுக்கு யார் வருவார் என்று கொதித்தார்கள். அவசரத்தில் நடந்த வேலை என்பதால் சில ஊர்களில் உள்ளூர் அரசியல்வாதிகள் கை வைத்தார்கள். ஹாப்கின்ஸ் ராணுவப் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் அனுப்பிச் சரிசெய்தார். ஐந்து மாதத்துக்குள் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் கரைந்தது. இது நிரந்தரமாகிவிடும் என்று ரூஸ்வெல்ட் பயந்தார். 1934 மார்ச் 31-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள். வேலையில் இருந்தவர்களில் பலர் மறுபடியும் நிவாரண வரிசைக்குத் திரும்பினார்கள்.

என் இரண்டு கேள்விகளையும் வைத்து அளந்தால், நியூ டீலின் எந்தத் திட்டமும் இந்த ஐந்து மாதத்துக்குப் பக்கத்தில் வராது.

அணையும் பாலமும்

ஹாப்கின்ஸின் எதிர்முனை ஹெரால்ட் இக்கிஸ், உள்துறைச் செயலர். பொதுப்பணி நிர்வாகம் அவர் கையில் இருந்தது. 1933 ஜூனில் 330 கோடி டாலர் ஒதுக்கீடு. ஒரு டாலர்கூடத் திருடு போகக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். ஒவ்வொரு திட்டத்தையும் பொறியாளர் பார்ப்பார், வழக்கறிஞர் பார்ப்பார், நிதி ஆள் பார்ப்பார், கடைசியில் இக்கிஸே பார்ப்பார். விளைவு, இவ்வளவு பணம் புரண்ட இடத்தில் ஊழல் புகார் மிகக் குறைவு. நியூயார்க்கின் டிரைபரோ பாலம், லிங்கன் சுரங்கப்பாதை, கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணை எல்லாம் அவர் பணம் போட்டவை. 1933-க்கும் 1939-க்கும் இடையில் அமெரிக்காவில் எழுந்த புதிய கல்விக் கட்டடங்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்தப் பணம் போயிருக்கிறது. மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்பவருக்கு இக்கிஸ்தான் வெற்றியாளர்.

ஆனால் 1933-ன் பனிக்காலத்தில் அந்தப் பணம் யார் வீட்டு அடுப்பையும் எரிய வைக்கவில்லை. நிலம் கையகப்படுத்தி, வரைபடம் போட்டு, ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்து, இரும்புக்குச் சொல்லிவைத்து முடிப்பதற்குள் ஒரு வருடம் போய்விடும். வேலை கிடைப்பதும் பெரும்பாலும் தொழில் தெரிந்த கைகளுக்குத்தான். முதல் நாளிலேயே வரைபட வேலையைத் தொடங்கி, பணத்தை இரண்டாம் ஆண்டில் இறக்க வேண்டிய வழி இது. முதல் ஆண்டு நிவாரணமாக இதை நம்பினால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது.

இளைஞர்களுக்கான சி.சி.சி. எனும் காட்டுப் பாதுகாப்புப் படை வேகத்தில் குறை வைக்கவில்லை. மார்ச் 31-ல் சட்டம், ஏப்ரல் 17-ல் வர்ஜீனியா காட்டில் முதல் முகாம். மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்கு. பையன் முகாமில் சாப்பிட்டுக்கொள்வான், வீட்டில் அம்மா வாடகை கட்டுவாள். ஒன்பது ஆண்டில் ஏறக்குறைய 300 கோடி மரக்கன்றுகள் நட்டார்கள். கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் பிரித்து, எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். பெண்களுக்கு இடமே இல்லை.

குதிரையில் வந்த புத்தகங்கள்

1935-ல் காங்கிரஸ் 480 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஹாப்கின்ஸ் மறுபடி வந்தார், இந்த முறை டபிள்யூ.பி.ஏ. எனும் பணிகள் முன்னேற்ற நிர்வாகத்தோடு. எட்டு ஆண்டு ஓடிய திட்டம், மொத்தம் 85 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தின் நல்ல குணங்கள் பல இதில் இல்லை. முதலில் நிவாரணம் பெறத் தகுதியானவர் என்று சான்று வாங்க வேண்டும், அதாவது அலமாரியைத் திறந்து பார்ப்பவர் திரும்பி வந்துவிட்டார். ஒரு வீட்டுக்கு ஒருவர்தான். குடும்பத் தலைவர் ஆண் என்றே எடுத்துக்கொண்டதால் மனைவிமார்கள் வெளியே நின்றார்கள். கூலி ஊரையும் திறமையையும் பொறுத்து மாதம் 19 டாலரிலிருந்து 94 டாலர்வரை. உச்சத்தில் இருந்தபோதும் வேலையில்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இது எட்டியது.

மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறவர்கள் என்று பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டுத் தீர்த்தன. நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி மரத்தடியில் பேசப்படும் அதே பேச்சு. அந்தப் பேச்சு பேசுகிறவர்களுக்கு நான் காட்ட விரும்புவது கென்டக்கி மலையில் நடந்த ஒரு வேலையை.

அங்கே சாலை கிடையாது. ஓடையின் படுகைதான் பாதை. மாதம் 28 டாலர் சம்பளத்துக்குப் பெண்கள் சொந்தக் குதிரையிலோ, வாடகைக்கு எடுத்த கோவேறு கழுதையிலோ புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு மலைக்குடில்களுக்கும் ஒற்றை அறைப் பள்ளிகளுக்கும் போனார்கள். புத்தகம் வாங்க அரசு பணம் தரவில்லை, கொடுத்தது சம்பளம் மட்டும். புத்தகங்கள் நன்கொடையாக வந்தவை. கிழிந்துபோன பத்திரிகைகளைத் தூக்கி எறியாமல், சமையல் குறிப்பு, தையல் மாதிரி, கதை, படம் என்று வெட்டி ஒட்டித் தாங்களே புதிய புத்தகங்கள் தயாரித்தார்கள். ஒரு வீட்டுப் பெண் எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு, அடுத்த முறை இன்னொரு மலையடிவாரத்து வீட்டில் வாசிக்கப்பட்டது. வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் வந்தவரே உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்.

இதே திட்டத்தின் எழுத்தாளர் பிரிவு 1936 முதல் 1938 வரை, அடிமைகளாகப் பிறந்து உயிரோடு இருந்த 2,300-க்கும் மேற்பட்ட முதியவர்களைத் தேடிப் போய் அவர்கள் சொன்னதை எழுதி வைத்தது. இன்னும் பத்து வருடம் விட்டிருந்தால் அந்தக் குரல்களில் பல கிடைத்திருக்காது.

1936-ல் அமெரிக்காவில் வேலையின்மை எவ்வளவு என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. அரசு வேலைத்திட்டத்தில் இருந்தவர்களை வேலையற்றவர்களாக எண்ணினால் கிட்டத்தட்ட 17 சதவீதம். அவர்களும் வேலையில் இருப்பவர்களே என்று எண்ணினால் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. ஓடைக்குள் குதிரையை இறக்கிக்கொண்டு போன பெண்ணை வேலையில்லாதவள் என்று எண்ண எனக்குக் கை வராது.

விலையும் கடனும்

விவசாயத்துக்கு எடுத்த வழி வேறு. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்பது கணக்கு. 1933 கோடையில் ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர் பருத்தியை நின்ற பயிரோடு உழுது தள்ளினார்கள். சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொன்றார்கள். ஊரெல்லாம் பட்டினி கிடந்த வருடத்தில். விலை ஏறியது, பண்ணை வருமானமும் இரண்டு மூன்று ஆண்டில் நன்றாகவே உயர்ந்தது. உழாமல் விட்டதற்கான காசோலை நிலச் சொந்தக்காரர் பெயருக்கு வந்தது. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, உழுதவருக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! பலர் பங்கு தரவில்லை. சாகுபடி குறைந்ததால் ஆள் தேவையும் குறைந்தது, வாரக்குடிகளை வீட்டோடு வெளியேற்றினார்கள். 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரோன்சா என்ற சிற்றூரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கியது இதிலிருந்துதான். இந்த விளைச்சல் குறைப்புக்கான சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1936 ஜனவரியில் ரத்து செய்தது. நான் ஒப்பிட்டவற்றில் மிக மோசமாகக் குறிதவறிய வழி இது.

கடனைக் குறைப்பது இன்னொரு வழி. இதற்கு அமெரிக்காவைவிட நம் பக்கத்து உதாரணமே தெளிவு. அதே பெருமந்தத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கிஸ்தியும் புரோநோட்டில் எழுதிய தொகையும் விழவில்லை. பத்து மூட்டை விற்றுக் கட்ட வேண்டிய வட்டிக்கு இருபது மூட்டை விற்க வேண்டியதாயிற்று. ராஜாஜி அமைச்சரவை 1938-ல் கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாக நின்ற வட்டியைத் தள்ளியது. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. கஜானாவிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் விவசாயி என்பவர் நிலத்தில் ஏதாவது உரிமை உள்ளவர். கூலிக்கு நாற்று நட்டவருக்கு இதில் ஒன்றும் இல்லை. வந்ததும் தாமதம், விலை விழுந்து எட்டு வருடம் கழித்து.

கடனை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழ்ப் பர்மா காட்டியது. அங்குள்ள முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வசம் இருந்தது. 1930-களின் பிற்பகுதியில் அது 25 சதவீதம். அவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் அல்லர், வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள். திரும்பி வராத பணத்துக்குப் பதில் விற்க முடியாத வயல் வந்து சேர்ந்தது. பர்மியக் குடியானவர் நிலத்தை இழந்தார், செட்டியாரின் முதல் முடங்கியது. கடன்பட்டவர், கொடுத்தவர் இருவருமே கெட்டார்கள்.

காசு கேட்காத சட்டங்கள்

1933 ஜூனில் வந்த வங்கிச் சட்டம் டெபாசிட்டுக்குக் காப்பீடு கொடுத்தது, முதலில் 2,500 டாலர் வரை. ரூஸ்வெல்ட்டுக்கே இதில் ஆரம்பத்தில் விருப்பமில்லை, மோசமான வங்கிகளுக்கு நல்ல வங்கிகள் தண்டம் அழ வேண்டிவரும் என்று நினைத்தார். 1933-ல் சுமார் 4,000 வங்கிகள் விழுந்த நாட்டில், 1934-ல் காப்பீடு பெற்ற வங்கிகளில் விழுந்தவை 9. செலவைப் பார்த்தால் இதைவிட மலிவான மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை.

1935 ஆகஸ்டில் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் வேறு வகை. தொழிலாளர் துறைச் செயலர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் அதற்காகப் பட்ட பாடு பெரிது. அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். சம்பளத்தில் பிடித்தம் 1937 ஜனவரியில் தொடங்கியது. முதல் மாத ஓய்வூதியம் வெர்மாண்ட்டில் இருந்த ஐடா மே ஃபுல்லருக்கு 1940 ஜனவரியில் போனது, 22 டாலர் 54 சென்ட். அதாவது மந்தம் நடந்துகொண்டிருந்தபோது அது கூலிக்காரரிடமிருந்து வாங்கிக்கொண்டது, கொடுக்கத் தொடங்கியது பின்னால். பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விலக்கியதால் கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முதல் நாளே வெளியே நின்றார்கள். பசி தீர்க்கும் மருந்தாக அளந்தால் இது தோல்வி. ஆனால் இன்றுவரை கோடிக்கணக்கான முதியவர்களின் வாடகையும் மருந்தும் இதிலிருந்துதான் வருகின்றன. இதைச் சட்டமாக்கத் துணிவு வந்தது மந்தத்தின் நடுவில்தான் என்பதையும் மறக்கக் கூடாது. நல்ல காலத்தில் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த நிவாரணங்களால்தான் பொருளாதாரம் எழுந்தது என்று சொன்னால் அது மிகை. டாலரின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டிவைத்திருந்த முறையை 1933 ஏப்ரலில் கைவிட்டதும், அதன்பின் பணப்புழக்கம் பெருகியதும்தான் மீட்சிக்குப் பெரிய காரணம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது. பயிர் விளையும்வரை வீட்டில் உலை கொதிக்க வேண்டும். நிவாரணத்தின் வேலை அதுதான், அதை அந்த வேலையை வைத்தே மதிக்க வேண்டும்.

என் வரிசை

இப்படி ஒரு மந்தம் வந்து, முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் என்னிடம் கேட்டால், முதல் வாரத்திலேயே டெபாசிட் காப்பீட்டை அறிவியுங்கள், கடன் ஜப்திகளை நிறுத்துங்கள் என்பேன். இரண்டுக்கும் பெரிய செலவில்லை. முதல் மாதத்தில் வேலை செய்ய முடியாதவர் அனைவருக்கும் காசு, சீட்டு அல்ல. வேலை செய்ய முடிந்தவர்களுக்கு 1933 நவம்பரின் வழி: ஊர் நிர்வாகத்திடம் இருக்கும் சின்ன வேலைகள், நடப்புக் கூலி, ஏற்கெனவே பணம் அனுப்பிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு துறையின் வழியாகச் சம்பளம், வேலை இல்லையா என்ற ஒரே கேள்வி. ஒரு வீட்டுக்கு ஒருவர் என்ற விதி வேண்டாம், அது பெண்களை வாசலில் நிறுத்தும் விதி. இக்கிஸ் போன்ற ஒருவர் அன்றே வரைபட மேசையில் உட்காரட்டும், அவர் பணம் அடுத்த ஆண்டு இறங்கட்டும். ஓய்வூதியச் சட்டத்தை முதல் ஆண்டிலேயே நிறைவேற்றலாம், சம்பளப் பிடித்தத்தை மட்டும் நல்ல காலம் வரும்வரை தள்ளிவைக்க வேண்டும். விளைபொருள் விலையைத் தூக்கும் எந்தத் திட்டமானாலும் காசோலை நேராக உழுகிறவர் பெயருக்குப் போகாவிட்டால் தொடவே கூடாது.

எப்போது நிறுத்துவது என்பதிலும் ஒரு முடிவு தேவை, ரூஸ்வெல்ட் சறுக்கியது அங்கேதான். 1937-ல் நிலைமை தேறிவிட்டது என்று நம்பி, பட்ஜெட்டைச் சமன்செய்யச் செலவை வெட்டினார். டபிள்யூ.பி.ஏ. பட்டியலிலிருந்து லட்சக்கணக்கானவர்களை இறக்கினார்கள். ஓய்வூதியப் பிடித்தமும் அதே ஆண்டில் தொடங்கியது. வங்கிகள் கையிருப்பாக வைக்க வேண்டிய தொகையை மத்திய வங்கி இரட்டிப்பாக்கி முடித்திருந்தது. 14 சதவீதத்துக்கு இறங்கியிருந்த வேலையின்மை அடுத்த ஆண்டு 19 சதவீதத்துக்கு ஏறியது. 1938 ஏப்ரலில் அவர் மறுபடி காங்கிரஸிடம் போய்ப் பணம் கேட்டார். அந்த நவம்பரில் டபிள்யூ.பி.ஏ.வின் சம்பளப் பட்டியலில் சுமார் 33 லட்சம் பேர் இருந்தார்கள், அந்தத் திட்டத்தின் வரலாற்றிலேயே மிகப் பெரிய எண்ணிக்கை அது.